பிடி அரிசிப் பானை

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். வைத்தியசாலையின் பொதுப்பானைக்கு அது போய்ச் சேரும். அரிசி கொடுத்த வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும் மருந்து உண்டு. கொடுக்காத வீட்டுக்குக் கதவு திறக்காது.

இதையெல்லாம் கட்டி மேய்த்தவர் அதிகாரி நல்லபெருமாள். நரைத்த மீசை, கறார் பேர்வழி. இருமிக்கொண்டே முதன்முதலாக அரிசி கொடுக்க வந்தவனை, "இருமல் நின்ன பிறகு வா" என்று திருப்பி அனுப்பிய மனிதர். அப்படிப்பட்டவரும் மருத்துவச்சி உலகம்மையின் முன் கைகட்டித்தான் நிற்பார். வயதில் அவரைவிட இளையவர்தான் உலகம்மை. ஆனால் அவருக்குக் குரு.

ஒரு நாள் நல்லபெருமாள் உலகம்மையின் வீட்டுக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"அம்மா, நாட்டுல ஒருத்தர் விடாம எல்லாருக்கும் மருந்து கொடுத்தா என்னன்னு ராஜா கேக்குறார். நான் சொல்றதுதான் முடிவாம். நாளைக்குப் பதில் சொல்லணும்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"கட்டுப்படி ஆகாதுன்னுதான். சும்மா கிடைக்குதுன்னு நோயில்லாதவனும் வந்து நிப்பானே!"

உலகம்மை ஒரு குவளை நிலவேம்புக் கஷாயத்தை நீட்டினார். குரு கொடுத்தால் மறுக்க முடியுமா? ஒரு வாய் குடித்ததும் நல்லபெருமாளின் முகம் அஷ்டகோணலானது.

"சும்மாதான் கொடுத்தேன். இன்னொரு குவளை ஊத்தட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்மா!"

அப்போது வாசலில் ஒரே சத்தம். உப்பளத்து இருளப்பனும் அவன் தம்பியும் ஒரு கட்டிலைச் சுமந்து வந்தார்கள். கட்டிலில் இருளப்பனின் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

"மழையில உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு தாயி. வீட்டுல உலையே வைக்கல, பிடி அரிசிக்கு எங்க போவேன்? வைத்தியசாலையில கதவைச் சாத்திட்டாங்க. நீங்கதான் காப்பாத்தணும்."

நல்லபெருமாளுக்குத் தலை நிமிரவில்லை. சாத்தச் சொன்னவரே அவர்தானே.

"குனிஞ்சது போதும், அடுப்பை மூட்டி வெந்நீர் வைங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணோடு உள்ளே போனார் உலகம்மை.

ஈர விறகு. ஊதி ஊதிப் புகையில் இருமித் தள்ளினார் அதிகாரி.

"இருமல் நின்ன பிறகு ஊதுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஊதுங்க, ஊதுங்க!"

வெந்நீர் கொதித்தது. உள்ளே போயிற்று. வெளியே மூன்று ஆண்களும் காத்து நின்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த முனகல் நின்றபோது, நல்லபெருமாள் கைகூப்பினார். கடவுளே, அந்த வைத்தியசாலைக் கதவு திறந்தே இருந்திருக்கக் கூடாதா!

வீல் என்று ஓர் அழுகை.

இருளப்பன் தம்பியைக் கட்டிக்கொண்டு குதித்தான். கூடக் குதித்தவர் யார் என்று பார்த்தால், நம் அதிகாரி! குழந்தையைச் சுற்ற உலகம்மை துணி கேட்டதும் தம் பட்டுத் தலைப்பாகையையே அவிழ்த்துக் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் சுகம்" என்று சொல்லி, குழந்தையை அவர் கையில் வைத்தார் உலகம்மை.

நல்லபெருமாள் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். ஆனாலும் கணக்குப் பார்த்த புத்தி சும்மா இருக்குமா?

"அம்மா, எல்லாருக்கும் கொடுத்தா பானையை யார்தான் நிரப்புறது?"

உலகம்மை குழந்தையின் மூடிய விரல்களை மெல்லப் பிரித்துக் காட்டினார்.

"இந்தக் கையை வளர விடுங்க."