வேகாத கறி

"ஷெய்கே, கறி வேகமாட்டேங்குது" என்றார் மொகுதூம்.

கல்யாண வீடுகளுக்கு ஆக்கிப் போட்டே தலை நரைத்தவர் அவர். அவர் சட்டியில் குட்டி ஆட்டுக்கறி வேகவில்லை என்றால் ஊரில் ஒருத்தர் நம்பமாட்டார்.

ஷெய்கு உதுமான் வயதில் இளையவர்தான்; மொகுதூமைக் காக்கா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவார். ஆனாலும் மொகுதூமுக்கு அவர்தான் குரு. தைக்கா என்கிற அந்தச் சின்னத் தொழுகைக்கூடத்தில் ஓதிக்கொண்டிருந்தவர் எழுந்து, பின்பக்கத்து அடுப்படிக்கு வந்தார்.

தணல் நன்றாகவே இருந்தது. பட்டை, ஏலம், பேரீச்சை, உலர்ந்த அத்தி, எதிலும் குறையில்லை.

"எப்ப ஏத்தினீங்க காக்கா?"

"விடியக்காலைல, சுபுஹு தொழுத கையோட."

இப்போது மதியத் தொழுகைக்கான பாங்கே சொல்லியாயிற்று.

பேசும்போதே மொகுதூம் மூடியைத் திறந்தார். கிண்டினார். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றி மூடினார். மறுபடி திறந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டார். மறுபடி திறந்து, சும்மா எட்டிப் பார்த்தார்.

வேறு யாராவது இப்படிச் செய்தால் அகப்பையாலேயே முதுகில் போடுகிற மனுசன்!

"யாருக்கு இந்தக் கறி?"

"ஜுலைகாவுக்கு. என் மகளுக்கு."

அந்த ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். ஜுலைகாவோ புருஷனோடு மதுரைக்குப் போய்விட்டாள். 'இனி என் வாசல மிதிக்காதே' என்று கத்தினார் மொகுதூம். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோதுகூடப் போய்ப் பார்க்கவில்லை. அப்படி ஒரு வீம்பு.

இன்று விடியுமுன்பே பஸ்ஸில் அவளே வந்திருக்கிறாள். வீட்டு வாசலை மிதிக்கக்கூடாதே, அதனால் தைக்காவுக்கு. வெளியே பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாளாம்.

"மககிட்ட பேசினீங்களா?"

"கறி வெந்துரட்டும். வெறுங்கையோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

அவர் கை மறுபடி மூடிக்குப் போனது.

ஷெய்கு அந்தக் கையை மெல்ல விலக்கினார். கோதுமை மாவைப் பிசைந்து, சட்டியின் வாயைச் சுற்றி அப்பி, மூடியை இறுக ஒட்டினார். மூடிமேல் இரண்டு கரண்டி தணலை அள்ளிப் போட்டார்.

"உப்பு பாக்கணுமே."

"பாத்தது போதும்."

"தண்ணி சுண்டிருச்சுன்னா?"

"சுண்டாது."

"அடிபிடிச்சிரும் ஷெய்கே."

"நான் இங்கதான் இருக்கேன்."

மொகுதூம் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் என்ன செய்யுறது?"

ஷெய்கு போய் அடுப்படிக் கதவைத் திறந்துவிட்டார்.

மொகுதூம் இறங்கி நடந்தார். பாவம், எத்தனையோ பேருக்குப் பரிமாறிய மனுசருக்குப் பெற்ற மகள் முன்னால் நிற்கத் தெம்பில்லை.

ஜுலைகா எழுந்து நின்றாள். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் போனார். நாக்கில் வந்து நின்றதோ அடுப்படிப் பேச்சு.

"கறி வேக இன்னும் நேரமாகும்மா."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தூங்குகிற பிள்ளையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"வேகட்டும் வாப்பா. நாளைக்குப் போய்க்கிறேன்."