மயில்துத்தம் விளைந்த நாள்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்தபோது, இளவரையன் என்றொரு ராஜா இருந்தார். அவருடைய அரசவை விகடகவி கொன்றையப்பன். இருவரும் ஒரே பாடசாலையில் படித்தவர்கள். அடி வாங்கியதும் ஒரே பிரம்பில்தான்.

ராஜாவிடம் ஒரு தந்தப் பேழை உண்டு. அதற்குள் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு நீலக் கல். ரத்தினமல்ல, மயில்துத்தம். செம்பைச் சுட்டெடுத்த கரும்பொடியைக் கந்தகத் திராவகத்தில் கரைத்துப் பாடசாலைப் பிள்ளைகள் விளைவித்த ஓர் உப்பு. "வகுப்பிலேயே என் கல்தான் பெரிசு!" என்று வருகிற தூதர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொள்வார். அப்போதெல்லாம் கொன்றையப்பன் கூரையைப் பார்ப்பான்.

அறுபதாவது பிறந்தநாளன்று ராஜாவுக்கு மனசு கனத்துவிட்டது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தனை நாடு பிடித்து என்ன? இந்தக் கல்லை விளைவித்த அந்த ஒரு நாள் திரும்பி வருமா?" என்று பெருமூச்சு விட்டார்.

மருந்துச்சாலை அதிகாரி வச்சிரபாகுவுக்குக் கொன்றையப்பனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். சமயம் பார்த்து எழுந்தார். "மன்னர்பிரானே! தாங்கள் கேட்டு இல்லையென்று சொன்னதில்லை என்று நம் விகடகவி பெருமை பேசுவார். அந்த நாளையே கொண்டு வந்து காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

ராஜா இருந்த மனநிலையில், "அதுவும் சரிதான். விடிந்ததும் கொண்டு வா, கொன்றையா" என்று சொல்லிவிட்டார். சபையில் விழுந்த சொல்லை ராஜாவாலும் திரும்ப எடுக்க முடியாது.

கொன்றையப்பன் யோசித்துப் பார்த்தான். இந்த வயதில் எந்த ஊருக்குப் போவது? போனாலும் இந்த மனுஷரைப் பார்க்காமல் எப்படி இருப்பது? சரி, அந்த நாளைக் கொண்டுவரலாம் என்றாலோ, ஐம்பது வருஷமாக அவன் மூடி வைத்த ஒரு விஷயம் வெளியே வந்துவிடும்.

பழைய பாடசாலை இப்போது யானைச் சாமான்கள் போடும் அறையாகிவிட்டிருந்தது. அதைக் காலிசெய்து, பெருக்கி, பாய் விரித்தான். அடுப்பு, சீனக் கிண்ணம், வடிகட்டத் துணி எல்லாம் அந்தந்த இடத்தில் வைத்தான். சாமான் குவியலிலிருந்து ஒரு மணியை மட்டும் எடுத்துப் பாகனிடம் கொடுத்து, காதில் ஏதோ சொல்லி அனுப்பினான்.

காலையில் ராஜா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சபையோர் பின்னால் நின்றார்கள்.

"வெதுவெதுப்பான திராவகத்தில் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள், பிரபு. இனிமேல் கரையமாட்டேன் என்று அடியில் தங்கும்வரை."

கறுப்பு மறைந்தது, நீலம் ஊறியது. ராஜா அறுபது வயதை மறந்து கைதட்டினார். தங்கிய பொடியை வடிகட்டி, நீல நீரை அடுப்பேற்றினார்.

"பாதி வற்றியதும் இறக்கி ஆறவிட வேண்டும். பிறகு இரண்டு நாள் தொடக்கூடாது."

"எல்லாம் எனக்குத் தெரியும்!"

அப்போது வெளியே யானை மணி கேட்டது. "குட்டி யானை வந்திருக்கிறது!" என்று பாகன் கத்தினான். ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடவேண்டுமே என்று அடுப்பை விசிறோ விசிறு என்று விசிறினார். கிண்ணம் காய்ந்து, நீலமெல்லாம் வெள்ளைப் பொடியாகிவிட்டது.

"நீலமும் இல்லை, கல்லும் இல்லை!" என்று குதித்தார் வச்சிரபாகு. "விகடகவி மூட்டையைக் கட்டலாம்!"

"பொறுங்கள், ஐயா. மன்னர் கல்லையா கேட்டார்?" என்றான் கொன்றையப்பன்.

ராஜா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொன்றையா, அன்றைக்கும் குட்டி யானை வந்தது. அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் வெளுத்துப்போயிற்று. நான் தேம்பித் தேம்பி அழுதேன், இல்லையா?"

"ஆமாம், பிரபு."

"அப்படியானால் பேழையில் இருக்கிற கல்?"

கொன்றையப்பன் கூரையைப் பார்த்தான். "நீங்கள் கேட்ட நாளே வந்து நிற்கிறது. அதையே கேட்டுக்கொள்ளுங்கள்."

ராஜாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. வாத்தியாரிடம் கல்லைக் காட்டவேண்டிய வேளையில் ஓர் ஒல்லிக் கை தன் கல்லை இவர் உள்ளங்கையில் அழுத்தியது. பிறகு, உன் கல் எங்கேடா என்று அந்தப் பையனுக்குப் பிரம்படி விழுந்தது.

"அடப்பாவி! உன் கல்லை உன் எதிரிலேயே என் கல் என்று ஐம்பது வருஷம் பீற்றிக்கொள்ள விட்டாயே!" ராஜா விலா நோகச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, ஒரு சொட்டு ஆறிப்போன கிண்ணத்தில் விழுந்தது. விழுந்த இடம் மட்டும் பளிச்சென்று நீலமாயிற்று. சபையே வாயைப் பிளந்தது.

ராஜா தன் முத்தாரத்தைக் கழற்றிக் கொன்றையப்பன் கழுத்தில் போட்டார். கல்லை அவன் கையில் வைத்து விரல்களை மூடினார். "வச்சிரபாகு! நீர் ஒரு கல் விளைவித்துவிட்டு வாரும். இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தொடாமல்!"

"எல்லாம் சரி, பிரபு. நான் வாங்கின பிரம்படிக்கு என்ன பரிசு?" என்றான் கொன்றையப்பன். ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அந்த வெள்ளைப் பொடியை வழித்துத் தந்தப் பேழையில் போட்டுக்கொண்டார் ராஜா. தூதர்கள் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டி, "இது என் லட்சணம். வகுப்பிலேயே என் சிநேகிதன் கல்தான் பெரிசு!" என்பார். கொன்றையப்பன் அப்போதும் கூரையைத்தான் பார்ப்பான், கண்ணீர் கீழே விழாமல் இருக்க.