பதின்மூன்று தடவை எண்ணப்பட்ட ஓணான்

தேரிக்காட்டுச் செம்மணலில் வர்ணமுத்து என்றொரு ஓணான் இருந்தான். தொண்டையை விசிறி மாதிரி விரித்தால் நீலம், கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் பளிச்சென்று தெரியும். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவன் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை.

இந்த விசிறித் தொண்டை ஓணான்கள் மேற்குத் தேரியில் மட்டும்தான் மிச்சம் இருந்தார்கள். அதனால் காட்டில் ஓர் ஏற்பாடு. சித்திரை பிறந்ததும் கௌதாரி அன்னக்கொடி வந்து அவர்களை எண்ணுவாள். முப்பதுக்குக் கீழே இருந்தால் அந்த வருஷம் மயில்கள் மேற்குத் தேரியில் கால் வைக்கக் கூடாது. முப்பதைத் தாண்டினால் தாராளமாக இரை தேடலாம்.

எண்ணுவது லேசான வேலையா என்ன? மண்டையைப் பிளக்கிற வெயில். பார்த்த ஓணானின் முதுகில் கள்ளிப்பழச் சாற்றால் பொட்டு வைத்துவிட்டு, குழிக்குள் ஒரு முந்திரிக்கொட்டை போட வேண்டும். பொட்டு வைத்தவரை மறுபடி எண்ணக் கூடாது. அன்னக்கொடி இதில் ரொம்பக் கறார். பாவம், கண்தான் கொஞ்சம் மந்தம்.

அந்த வருஷம் எண்ணிக்கை தொடங்கிய அன்று, உடைமரத்தில் இருந்த வேலி ஓணான் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை.

"ஏய் வர்ணமுத்து, போன வருஷம் நீங்க மொத்தமே பத்தொன்பது பேர்தானாமே? ஒரு கல்யாணம் வச்சா ஒரு பந்திக்குக்கூட ஆள் காணாதேவே!"

வர்ணமுத்துவுக்குச் சுருக்கென்றது. 'இந்த வருஷம் எண்ணிக்கையைக் கேட்டு நீ வாயடைச்சுப் போகணும்லே' என்று கறுவிக்கொண்டான்.

அன்னக்கொடி அவன் முதுகில் பொட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், மல்லாந்து படுத்து மணலில் முதுகைத் தேய்தேய் என்று தேய்த்தான். பொட்டு போயிற்று. இரண்டு காலில் எழுந்து ஓடிப்போய் அவள் முன்னால் நின்றான்.

"நீ யாருப்பா, புதுசா இருக்கே?"

"வடக்கு ஓடைப் பக்கம் மதினி."

அடுத்த தடவை தொண்டையைச் சுருக்கிக்கொண்டு போனான். அதற்கடுத்து நொண்டினான். கண்ணை மூடினான், வாலை மடக்கினான், இருமினான். இப்படியே பன்னிரண்டு வேஷம்!

அவன் பெண்டாட்டி செவத்தி புதர் ஓரமாக நின்று பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "முதுகெல்லாம் தோல் உரியுதே, எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?"

"நம்ம மானப் பிரச்சினைட்டீ. நீ பேசாம இரு."

முப்பது என்ற ஏற்பாடு ஒன்று இருப்பதே அந்த ஆத்திரத்தில் அவனுக்கு மறந்துபோயிற்று.

மறுநாள் காலை எல்லோரும் கூடினார்கள். அன்னக்கொடி கொட்டைகளை எண்ணினாள். "முப்பத்தொண்ணு!"

வர்ணமுத்து நெஞ்சை நிமிர்த்தி உடைமரத்தைப் பார்த்தான். அந்த வேலி ஓணான் கிளைக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டான்.

மயில்களின் தலைவர் ராசப்பா கழுத்தை நீட்டினார். "ரொம்பச் சந்தோஷம். முப்பது தாண்டியாச்சு. பிள்ளைகளா, வாங்க, இன்னைக்கே மேற்குத் தேரியில மேய்ச்சல்."

சொல்லிக்கொண்டே அவர் நடந்தது செவத்தியின் புதரை நோக்கி. அங்கேதான் அவள் முந்தாநாள் ஐந்து முட்டையிட்டு மணலால் மூடியிருந்தாள். செவத்தி புருஷனைப் பார்த்தாள். அப்போதுதான் வர்ணமுத்துவுக்கு அந்த முப்பது ஏற்பாடு ஞாபகம் வந்தது.

ஓடிப்போய் மயிலின் அலகுக்கு நேர் கீழே நின்றான்.

"அண்ணாச்சி, நில்லுங்க! அந்த எண்ணிக்கை பொய். நான்தான் பொட்டை அழிச்சுட்டு அழிச்சுட்டுப் போய் நின்னேன்."

ராசப்பா சிரித்தார். "மேய்ச்சலுக்குக் கிளம்பினதும் கதை விடுதீராக்கும்? எப்படிவே நம்புறது?"

ஒரே கொத்துதான், ஆள் காலி. ஓடிவிடலாமா என்று தோன்றியது. முட்டைகளை நினைத்துக்கொண்டு, அந்த அலகுக்குக் கீழேயே இரண்டு காலில் எழுந்து ஓடிக் காட்டினான்.

"அடப்பாவி, இவன் வடக்கு ஓடைக்காரனாச்சே!" என்றாள் அன்னக்கொடி.

நொண்டினான். "இது என் இருபத்தோராவது ஆளு!" என்றாள் அவள்.

இருமினான். "இவனுக்கு ஐயோ பாவம்னு ரெண்டு பொட்டுல்லா வச்சேன்!"

வெட்கம் பிடுங்கித் தின்ன, பன்னிரண்டு வேஷத்தையும் ஒன்று விடாமல் ஊர் பார்க்க ஆடி முடித்தான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வேலி ஓணான் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்தே விழுந்தான். அன்னக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு கொட்டையைக் குழியிலிருந்து எடுத்து எறிந்தாள். மிச்சம் பத்தொன்பது.

ராசப்பா தோகையைச் சுருட்டிக்கொண்டார். "பத்தொன்பதுன்னா பத்தொன்பதுதான். பிள்ளைகளா, திரும்புங்க."

மயில்கள் போனபின் வர்ணமுத்து தொப்பென்று மணலில் உட்கார்ந்தான். செவத்தி பக்கத்தில் வந்தாள்.

"மானம் போச்சேட்டீ" என்றான்.

"போகட்டும். முட்டை அஞ்சும் இருக்குல்லா" என்றாள் செவத்தி.

பெருமைக்காக இல்லாததை இருக்கிறதென்று காட்டினால், இருப்பதற்கும் ஆபத்து வந்துவிடும்.