துண்டில் போட்ட முடிச்சு

“கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தா மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதும்மா” என்றார் சிதம்பரநாதன்.

மங்கையர்க்கரசி அம்மாள் அந்த மடத்தின் தலைவி. சீடரான சிதம்பரநாதனைவிடப் பத்து வயது இளையவர்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“நம்ம கயிலாச ஓதுவார் பாடினதை டைப் பண்றேன். எந்தப் புத்தகத்துலயும் இல்லாத பாட்டு, அவருக்கு மட்டுந்தான் தெரியும். பதிவுல பாதி வார்த்தை புரியல. அவருக்கு வாசிச்சுக் காட்டித் திருத்தணும். ஆனா நாலு வரி அடிக்கறதுக்குள்ள கை வேற எங்கேயோ போயிடுது. பார்த்ததும் வேலை ஞாபகம் வர்ற மாதிரி ஏதாவது கொடுங்க.”

“அனுப்பறேன். போங்க.”

ஒன்றும் வரவில்லை.

சிதம்பரநாதன் சும்மா இருக்கிற ஆளா? துண்டின் முனையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். விரல் அதில் பட்டால் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு நாள் பலித்தது. அப்புறம் முடிச்சை நெருடிக்கொண்டே தேர்தல் செய்தி பார்த்தார்.

இன்னொரு முடிச்சுப் போட்டார். மவுசுக்குப் பக்கத்தில் கூழாங்கல் வைத்தார். கவனம் சிதறாமலிருக்க ஊரார் மேசையில் என்ன வைக்கிறார்கள் என்று வீடியோவில் தேடப்போய், ஒரு பகல் முழுக்க அதிலேயே போயிற்று.

மத்தியானம் ஆனால் ஓதுவார் வாசலில் வந்து நிற்பார். எண்பதைத் தாண்டியவர். கம்பால் தரையைத் தட்டுவார்.

“தம்பி, பாட்டு எதுவரைக்கும் வந்திருக்கு?”

“ஆயிட்டே இருக்கு ஐயா. நாளைக்கு வாசிச்சுக் காட்டறேன்.”

“சரி, நாளைக்கு வரேன்.”

மறுநாளும் வருவார். அதே கேள்வி, அதே பதில். போகப்போக அந்தத் தட்டல் சத்தம் சிதம்பரநாதனுக்கு எரிச்சலாக இருந்தது. வேலையைக் கெடுக்கிறார் என்று கதவைச் சாத்தி வைத்தார்.

மாசி பிறந்த வாரம் ஓதுவார் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் சிதம்பரநாதன் பதிவைப் போட்டுக் கேட்டார். புரியாத இடத்தில் நிறுத்தினார். திரும்பக் கேட்டார். இனி யாரிடம் போய்க் கேட்பது?

துண்டோடு போய் அம்மாள் முன்னால் நின்றார்.

“அனுப்பறேன்னு சொன்னீங்களேம்மா. காத்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்கே ஒரு கல்லோ கயிறோ கொடுத்திருந்தா...”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அம்மாள் துண்டை வாங்கி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

“தினமும் அனுப்பினேனே” என்றார். “முட்டி வலியோட, கம்பை ஊனிக்கிட்டு வந்தாரே.”