சேந்தன் திறந்த சாடி

ராஜாக்கள் யானைமேல் ஏறி வந்து ஊர் பார்த்த காலத்தில், நீலமுடி மலைச்சரிவில் சேந்தன் என்றொரு திராட்சைக்காரன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் கவலைப்படுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வெயிலடித்தால் கொடி கருகும் என்பான். மழை பெய்தால் பழம் அழுகும் என்பான். இரண்டும் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கவலைப்படுவான்.

அந்தச் சரிவில் மூன்று திராட்சை விளையும். கறுப்பு துவர்க்கும், சிவப்பு புளிக்கும், பொடித் திராட்சை இனிக்கும். மூன்றையும் கலந்து மதுவாக்கிச் சாடியில் ஊற்றி, வாயை மெழுகாலும் களிமண்ணாலும் அடைப்பார்கள். ஈரக் களிமண்ணில் கணவனும் மனைவியும் கட்டைவிரல் பதித்துச் சாடியைப் புதைப்பார்கள். பல வருஷம் கழித்து எடுத்தால்தான் அது மது. அதற்கு முன் வெறும் கஷாயம்.

இது தெரியாத ராஜா ஒருநாள் வந்து, புது மதுவை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இதுக்கா இவ்வளவு நல்ல மலை? இளவரசன் முடிசூடும்போது வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா கொடியெல்லாம் வெட்டிட்டு யானைக்குக் கரும்பு போடுவேன். நீங்க வேற ஊர் பார்த்துக்கணும்."

சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மதுவைப் புதைத்த நாளிலிருந்து குழியையே சுற்றிச்சுற்றி வந்தான். ஒருநாள் நகத்தால் களிமண்ணைச் சுரண்டும்போது மனைவி எயினி பார்த்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"உள்ளே கெட்டுப்போச்சோ என்னவோ. ஒரு சொட்டு பார்த்துட்டு மூடிடறேன்."

"காத்து பட்டாத்தான் கெடும். அந்தத் துவர்ப்புதான் அதுக்குக் காவல். சும்மா விடுங்க."

மனசு மாறட்டும் என்று அவனைப் பிடித்துத் தள்ளாத குறையாகச் சந்தைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தும் மாறவில்லை. அவள் களையெடுக்கப் போன நேரத்தில் திறந்தான், துவர்த்தது, பயந்து மூடினான். மறுவருஷம் திறந்தான்; துவர்த்தது; தேன் ஊற்றினான். அதற்கடுத்த வருஷமும் திறந்தான், புளித்தது, இன்னும் தேன் ஊற்றினான். ஒவ்வொரு முறையும் பழைய களிமண்மேல் புதுக் களிமண்ணை அப்பினான்.

முடிசூட்டு நாள் வந்தது. ராஜாவும் வந்தார். சாடியைத் தோண்டி எடுத்தால், அடைப்பு பூசணிக்காய் அளவுக்குப் பெருத்திருந்தது. உடைத்ததும் காடி நெடி மூக்கைத் துளைத்தது.

"கரும்பு நடச் சொல்லு," என்று ராஜா மந்திரியிடம் திரும்பினார்.

"கொஞ்சம் பொறுங்க மகராசா," என்றாள் எயினி. மாட்டுத் தொழுவத்தின் மூலையைத் தோண்டச் சொன்னாள்.

அங்கே இன்னொரு சாடி வந்தது. மெல்லிய அடைப்பில் இரண்டு கட்டைவிரல் தடம். ஒன்று தன்னுடையது என்று சேந்தனுக்குத் தெரிந்தது.

ராஜா ஒரு வாய் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைக்க மனமில்லாமல், "இது எப்படி?" என்று கேட்டார்.

"நீங்க சுளிச்ச அதே மதுதான் மகராசா. இவர் சந்தைக்குப் போனப்போ எங்க அண்ணனைக் கூப்பிட்டு இடம் மாத்திட்டேன். புதைக்காம மிச்சமிருந்ததை வேற சாடியில ஊத்தி அந்தக் குழியில வெச்சேன். இவரோட பயத்துக்கும் ஒரு சாடி வேணுமே!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மலை தப்பியது. சேந்தன் மட்டும் சிரிக்காமல், காடியாகிப்போன சாடியைப் பார்த்தான்.

"இதையும் சும்மா விட்டிருந்தா?"

"இதுவும் அதே மதுதானே," என்றாள் எயினி.

ஆகவே கேளுங்கள்: முதிர வேண்டியதைப் பயந்து பயந்து திறந்து பார்ப்பவன், தான் பயந்த கேட்டைத் தன் கையாலேயே உண்டாக்குகிறான்.