இரண்டு நாட்டு வரி

மாறநாட்டில் பிறந்த தில்லையப்பன் பக்கத்துச் சோலைநாட்டில் வைத்தியம் படித்தான். விடுமுறையில் அங்கேயே மருந்து இடித்துப் பத்துப் பணம் சம்பாதித்தான். சோலைநாட்டார் இரண்டு பணம் வரி வாங்கிக்கொண்டு ஓலை எழுதிக் கொடுத்தார்கள். மீதியை அடுத்த ஆண்டுச் சாப்பாட்டுக்கென்று முடிந்துகொண்டு ஊருக்குப் புறப்பட்டான்.

எல்லைச் சாவடியில் வரி அதிகாரி வல்லபராயர் மறித்தார். "எடு இரண்டு பணம்!"

"அங்கேயே கட்டிவிட்டேன், ஐயா. இதோ ஓலை."

"அது அவர்கள் வரி. நீ மாறநாட்டுக்காரன். எங்கே சம்பாதித்தாலும் இங்கேயும் கட்ட வேண்டும்!"

அன்று சாவடியைப் பார்வையிட அமைச்சர் வந்திருந்தார். அவர் காதில் விழும்படி தில்லையப்பன் சொன்னான்: "கட்டுகிறேன், ஐயா. இந்த ஆண்டு முழுவதும் நான் மாறநாட்டுக்காரன்தான் என்று மட்டும் எழுதி முத்திரை வையுங்கள்."

வல்லபராயர் மீசையை முறுக்கியபடி எழுதிக் கொடுத்தார்.

தில்லையப்பன் அதை அமைச்சரிடம் நீட்டினான். "நம் நாட்டு மாணவருக்கு அரசர் ஆண்டுதோறும் இரண்டு மூட்டை நெல் தருகிறார். போன தையில் கேட்டபோது, வெளியே படிப்பவன் நம் நாட்டுக்காரனே இல்லை என்று இவர்தான் விரட்டினார். இப்போது கிடைக்குமா, ஐயா?"

வல்லபராயருக்கு வியர்த்துக் கொட்டியது. அமைச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "நெல்லைக் கொடும். அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துவிடும். இனி எல்லா மாணவருக்கும் இதுதான் சட்டம்!"

தில்லையப்பன் கண்கலங்கக் கும்பிட்டான். விடுமுறை முடிந்ததும் ஒரு மூட்டையை வண்டியேற்றிச் சோலைநாட்டுக்குப் போனான். நெல் கிடைக்காத போன ஆண்டு முழுவதும் காசு கேட்காமல் அவனுக்குச் சோறு போட்ட சோற்றுக்கடை அலமேலுவின் வாசலில் இறக்கினான்.

"அக்கா, இது உங்களுக்கு" என்றான்.