ஏகாம்பரத்தின் வலது கால்

கர்னல் தேவசகாயம் முப்பது வருடம் ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்தவர். கண்ணிவெடியில் சிதைந்த கால், பனியில் செத்துப்போன கால், சர்க்கரையில் அழுகிய கால் என்று எத்தனையோ கால்களை வெட்டியவர். ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்கச் சொன்னால் இருந்தாரா? ஐம்பத்தொன்பது வயதில், வேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை வாசலில் போய் நின்றார்.

அந்த மருத்துவமனையை நடத்தி வந்தவர் டாக்டர் மெஹருன்னிசா. நோய் வருமுன் தடுக்கும் மருத்துவம் படித்தவர். கர்னலைவிடப் பதினாறு வயது சின்னவர்.

"வெட்டினது போதும் மேடம். வெட்டாம இருக்கிற வித்தையைக் கத்துக் குடுங்க" என்றார் கர்னல்.

மெஹருன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று துடைத்த ஷூ, கம்பி போல நிமிர்ந்த முதுகு.

"இது ரொம்ப மெதுவா நடக்கிற வேலை சார். பொறுமை இருக்கா?"

"இருக்கு."

"இருக்கிற மாதிரி தெரியல. பரவால்ல, வந்துடும். செவ்வாய்க்கிழமை வாங்க."

செவ்வாய்க்கிழமை சர்க்கரை நோய்க்காரர்களின் நாள். வராந்தா பெஞ்சுகளில் நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெஹருன்னிசா கர்னலிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார்.

"எல்லார் செருப்பையும் அவுத்துக் காலைப் பார்க்க இன்னைக்கு நேரம் பத்தாது சார். விசாரிங்க. யார் காலைக் கட்டாயம் பார்க்கணும்னு நீங்களே முடிவு பண்ணி எழுதுங்க."

இது ஒரு வேலையா என்று கர்னல் நினைத்துக்கொண்டார். பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று முதல் ஆளைக் கேட்டார்: "காலில் புண், எரிச்சல், மரத்துப்போறது, ஏதாவது உண்டா?"

அவர் விறைப்பாக எழுந்து நின்றார். "சப் டீக், சாப்."

எல்லாம் நலம் என்று பட்டாளத்துப் பேச்சில் அர்த்தம். அடுத்தவரும் எழுந்தார், அதையே சொன்னார். நாற்பத்திரண்டு பேரும் வரிசையாக எழுந்து அதையே சொன்னார்கள். மூட்டு வாதத்தில் முட்டி மடங்காத ஒருவர்கூடப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுதான் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. கர்னலுக்கு உள்ளுக்குள் பெருமை. பட்டாளத்துக்காரன் பட்டாளத்துக்காரன்தான் என்று நோட்டை மூடினார்.

மெஹருன்னிசா அதைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் இல்லையா?"

"இல்ல மேடம். ஒழுக்கமா உடம்பைப் பார்த்துக்கிறாங்க."

"அப்ப கதவைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

கர்னலுக்குச் சுருக்கென்றது. "பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?"

"பொய் இல்ல சார். ஒரு கர்னல் எதிர்ல நின்னு கேட்டா சிப்பாய் என்ன சொல்வார்? என்கிட்டயும் முதல் வருஷம் பூரா இதைத்தான் சொன்னாங்க."

காய்ச்சல் என்று வரிசையை விட்டு விலகியவனை டிமிக்கி கொடுக்கிறான் என்று சந்தேகித்தே பழகிய இடத்திலிருந்து வந்தவர் கர்னல். அவரே எத்தனையோ பேரை அப்படிச் சந்தேகித்திருக்கிறார். அது அவருக்கே இப்போதுதான் ஞாபகம் வந்தது.

மெஹருன்னிசா எழுந்து வராந்தாவுக்குப் போனார். மாத்திரைக்காக எல்லோரும் இன்னும் காத்திருந்தார்கள். இருவர் இருவராக உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கர்னல் அப்போதுதான் கவனித்தார். பட்டாளத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜோடி உண்டு. ஒருவன் தூங்கினால் மற்றவன் விழித்திருப்பான். ஒருவனுக்கு அடிபட்டால் மற்றவன் தூக்கி வருவான். அந்த வழக்கத்தை மெஹருன்னிசா இங்கேயும் வைத்திருந்தார். ஒவ்வொருவர் மருந்துச் சீட்டிலும் அவருடைய ஜோடியின் பெயரும் இருந்தது.

ஓரத்தில் இருந்த பச்சையப்பனிடம் போனார். நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவருடைய ஜோடி, ஹவில்தார் ஏகாம்பரம்.

"ஐயா, உங்க ஜோடி எப்படி இருக்கார்?"

பச்சையப்பன் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்தார். "அவனா? பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்து வரும்போது பார்த்தேன், வலது கால் செருப்புல ஏதோ கருப்பா ஒட்டியிருக்குது. கேட்டா சேறுன்றான். மழையே இல்லாத ஊர்ல சேறு எங்கேர்ந்து வரும்? ரெண்டு நாளா வூட்டுக்குள்ளயும் செருப்போடதான் திரியறானாம். அவன் வூட்டுக்காரம்மா சொல்லுது."

"டேய், காட்டிக் குடுக்கறியா?" என்றார் ஏகாம்பரம்.

"பின்ன? நீ போய்ட்டா எனக்கு யாரு ஜோடி?"

மெஹருன்னிசா கர்னலைத் திரும்பிப் பார்த்தார். கர்னல் தரையில் மண்டியிட்டு ஏகாம்பரத்தின் செருப்பைக் கழற்றினார். அடிப்பக்கத்திலிருந்து ஒரு கருவேல முள் ஏறி, செருப்புக்குள் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. பெருவிரலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்குப் புண். ஓரமெல்லாம் வெளுத்திருந்தது.

அந்தப் புண்ணைக் கர்னலுக்கு நன்றாகத் தெரியும். அது அடுத்து எங்கே போகும், எத்தனை நாளில் எலும்பைத் தொடும், கடைசியில் எந்த மேசைக்கு வந்து சேரும் என்பதெல்லாம் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நோட்டில் இவர் பெயருக்கு எதிரே "நலம்" என்று எழுதியவர் அவர்தான்.

"வலிக்கலையா உங்களுக்கு?"

"வலிச்சா சொல்லியிருப்பேனே, சாப்."

"சர்க்கரையில கால் மரத்துப்போச்சு, வலிக்கல, சரி. ரத்தத்தைப் பார்த்திருப்பீங்களே, அதை ஏன் மறைச்சீங்க?"

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். பச்சையப்பன்தான் சொன்னார்: "ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருக்குது. காவடி எடுக்கணும். வெறுங்காலோட மலை ஏறணும்."

"எல்லையில உயிர் பொழைச்சு வந்தா வருஷாவருஷம் எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார் ஏகாம்பரம். "முப்பத்தொரு வருஷம். ஒரு வருஷம்கூடத் தவறல. முருகனுக்குக் குடுத்த வாக்கு டாக்டரம்மா. காலே போனாலும் சரி."

கர்னலுக்குக் கோபம் வந்தது. கால் போவதென்றால் என்னவென்று எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். மெஹருன்னிசா வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு பச்சையப்பனிடம் கேட்டார்.

"ஐயா, காவலுக்கு உங்க ஜோடியோட முறை வருது. அவரால நிக்க முடியல. என்ன பண்ணுவீங்க?"

"அவன் முறைக்கும் நானே நிப்பேன்."

"அது அவர் நின்ன மாதிரி ஆகுமா?"

"ஆகாம? காவல் காவல்தான?"

மெஹருன்னிசா ஏகாம்பரத்தின் காலைப் பார்த்தார், பிறகு பச்சையப்பனின் தோளைப் பார்த்தார். பச்சையப்பனுக்கு மெல்ல விஷயம் உறைத்தது.

"எனக்குக் காவடி எடுத்துப் பழக்கமில்லியே" என்றார்.

"முப்பத்தொரு வருஷமா என் பின்னாலதானே வந்துகினு இருக்க" என்றார் ஏகாம்பரம் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "தோளை மாத்தும்போது மட்டும் அவசரப்படாத."

காலை ஊன்றக் கூடாது என்று ஆறு வாரம் ஏகாம்பரத்தைக் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். கர்னல் ஒன்றுவிட்டு ஒரு நாள் அவர் வீட்டுக்கே போய்ப் புண்ணைத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டினார். சர்க்கரையைப் பார்த்தார். கட்டிலை விட்டு இறங்கினால் உடனே சொல்லும்படி அவர் மனைவியிடம் சொல்லிவைத்தார். அந்த அம்மாள் இரண்டு முறை சொல்லவும் சொன்னார். ஆடிக் கிருத்திகையன்று பச்சையப்பன் காவடியோடு முன்னால் போக, ஏகாம்பரம் ஆட்டோவில் காலை நீட்டிக்கொண்டு மலையடிவாரம் வரை பின்னாலேயே போய், அவரைத் திட்டிக்கொண்டே வந்தாராம்.

இதற்கிடையில் செவ்வாய்க்கிழமைகள் வந்து போயின. கர்னல் இப்போதெல்லாம் நின்றுகொண்டு கேட்பதில்லை. பெஞ்சிலேயே இடம் பிடித்து உட்கார்ந்து, "உங்க ஜோடி எப்படி?" என்று கேட்டார். அவரவர் ஜோடியைப் பற்றிச் சொல்ல அவரவருக்கு அவ்வளவு இருந்தது. ஒரு நோட்டு போதவில்லை.

ஆவணிக் கடைசியில் புண் மூடிக்கொண்டது. முதலில் ஒரு மெல்லிய ரோஸ் நிறத் தோல், பிறகு அதுவும் தெரியவில்லை. கர்னல் அந்தக் காலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வெட்டாமல் விட்ட கால் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. கர்னல் அறைக்குள் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் ஏகாம்பரத்தின் குரல் கேட்டது. மனிதர் ரகசியம் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும்.

"இத்தனூண்டு கீறல்ப்பா. முள்ளு குத்தாத கால் எங்கனா உண்டா? ஒண்ணுமே இல்லாததுக்கு ஆறு வாரம் என்னைப் படுக்கப்போட்டு, என் காவடியை இந்தப் பச்சையப்பன் தோள்ல ஏத்திட்டாங்க. அந்த கர்னலு வேற, வூட்டுக்கு வந்து வந்து ஒரே ஆர்ப்பாட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

கர்னல் மெஹருன்னிசாவின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. மனசு நொந்துதான் போயிருந்தார்.

"மேடம், நான் காலை வெட்டினவங்க இன்னைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்றாங்க. உயிரைக் காப்பாத்துனீங்கன்னு கட்டைக்கால்ல நின்னு சல்யூட் அடிக்கிறாங்க. இவருக்குக் காலை மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன். ஒண்ணுமே இல்லாததுக்கு ஆர்ப்பாட்டம் பண்ணோமாம்."

மெஹருன்னிசா பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியா சொன்னார்?"

"அதே வார்த்தை."

"ஒண்ணுமே இல்லாததுக்குன்னாரா?"

"ஆமா. எல்லார் முன்னாலயும்."

"எப்படி வந்தார்? ஆட்டோலயா?"

"நடந்துதான்."

மெஹருன்னிசாவின் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. கர்னல் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

"பன்னண்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன் சார்" என்றார். "அப்படி ஒருத்தர் சொந்தக் கால்ல நடந்து வந்து திட்டிட்டுப் போறதுக்குத்தான்."